போடாமல் விட்ட சுவிட்ச்

முலாம் பூசும் பட்டறையில் அவருக்குப் பட்டப்பெயர் 'எட்டு மணி'. சோறு வெந்ததா என்று கேட்டால்கூட, எட்டு மணி நேரம் ஆகட்டும் என்பாராம்; கூட வேலை செய்பவர்கள் ஓட்டுவார்கள். அவர் வேலை அப்படி. துத்தநாகத் தொட்டியிலிருந்து பளபளவென்று வரும் போல்ட்டுகளை உடனே மின்னடுப்பில் வைத்து எட்டு மணி நேரம் சுட வேண்டும். அமிலத்திலும் தொட்டியிலும் கிடக்கும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துகொள்ளும், சூட்டில்தான் வெளியேறும். வெளியேறாவிட்டால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. இறுக்கி முடுக்கி, ஒருநாளோ இரண்டுநாளோ கழித்து, கெட்டி போல்ட் சுள்ளி மாதிரி ஒடியும்.

இருபது வருஷம் தவறாத மனிதர், அன்று மாலை மகளுக்குப் பிரசவ வலி என்று போன் வந்ததும் தலைகால் புரியாமல் ஓடினார். பெண் குழந்தை. மறுநாள் மதியம் பேத்தியை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று பட்டறை ஞாபகம் வந்தது. போல்ட்டுகளை அடுப்புக்குள் வைத்துக் கதவைச் சாத்தினோமே, சுவிட்சைப் போட்டோமா?

போடவில்லை. வழக்கமாக அடுப்பு தானாக அணைந்து, விடிவதற்குள் ஆறிவிடும். அதனால் காலை ஷிப்டுக்கு வந்த வேறொரு தொழிலாளி, ஜில்லென்றிருந்த போல்ட்டுகளைச் சந்தேகமே இல்லாமல் லிஃப்ட் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்.

"சொன்னா வேலை போயிடுமேங்க," என்று மனைவி கண் கலங்கினாள்.

"லிஃப்டுல ஆளுங்க ஏறுவாங்கம்மா."

சொன்னார். முதலாளி கத்தித் தீர்த்தார். "இனிமே பட்டறைப் பக்கமே வராதீங்க!"

லிஃப்ட் கம்பெனிக்கு ஓடினார். சோதனைக்கான இரும்புச் சட்டத்தில் பத்து போல்ட்டுகளைக் காலையிலேயே முடுக்கியிருந்தார்கள்.

"நல்லாத்தானே இருக்கு?" என்றார் இன்ஜினியர்.

"இன்னைக்கு இருக்கும் சார். நாளைக்குப் பாருங்க."

அரை மனதோடு மற்ற பெட்டிகளை ஒதுக்கி வைத்தார் இன்ஜினியர். மறுநாள் மதியம், யாரும் தொடாமலே, 'டக்'. ஒரு போல்ட்டின் தலை தரையில் உருண்டது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 'எட்டு மணி'க்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

தகவல் கேட்டு வந்த முதலாளி அந்தத் தலையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"ஏண்ணே, பேத்தி பொறந்த சந்தோஷத்துல மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? உங்க வீட்டம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

"அந்தப் பச்சைப் புள்ள மேல பழி போடச் சொல்றீங்களா முதலாளி?"

முதலாளி போல்ட் தலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"திங்கக்கிழமை வேலைக்கு வந்தாப் போதும்ணே," என்றார் பிறகு. "குழந்தை யாரு ஜாடை?"

வேலை போனபோதுகூடக் கலங்காத மனுஷன், அந்தக் கேள்விக்குத் தேம்பித் தேம்பி அழுதார்.