இரண்டாம் பம்பின் பூட்டு

அப்பா இறந்த மறுவாரம், அவர் மகளுக்குத் தண்ணீர் நிலையத்துச் சூப்பர்வைசர் போன் செய்தார். இரண்டாம் பம்பின் சுவிட்சில் அப்பாவின் பூட்டு தொங்குகிறதாம். சாவி வீட்டில் இருக்குமா?

அப்பா அங்கே ஃபிட்டர். பழுதுபார்க்கப் பம்பைத் திறக்குமுன் ஃபிட்டர் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டைப் போட வேண்டும். உள்ளே கை இருக்கும்போது யாரும் ஓடவிட்டுவிடக் கூடாது. போட்டவர்தான் திறக்கலாம்.

ஓய்வு பெற்ற அன்றும் அப்பா பூட்டை மறந்து, சாவியோடு வீட்டுக்கு வந்துவிட்டார். மறுநாள் திறந்துவிடப் போனவரை, "வந்ததுதான் வந்தீங்க, அந்தப் பம்பு சத்தத்த ஒரு பார்வை பாத்துடுங்கண்ணே" என்று பிடித்துவைத்துக்கொண்டார் சூப்பர்வைசர். அந்த ஒரு பார்வை நாலு வருடம் நீண்டது. கூட ஓய்வு பெற்ற ஃபிட்டர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. புதிதாக வந்தவர்கள் நிலைக்கவில்லை. ஆள் தேவை என்ற அறிவிப்பு வாசலில் வெயிலில் வெளுத்தது.

"உனக்கு ரிட்டயர்மென்டே கிடையாதாப்பா?"

"எனக்கு எப்பவோ ஆயிடுச்சு. பம்புக்குத்தான் இன்னும் சேதி போய்ச் சேரல."

முழங்கால் தேய்ந்து, படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். அறுவை சிகிச்சையை இரண்டு முறை தள்ளிப்போட்டார். "இந்த பேரிங்க மாத்திட்டு வந்துடறேம்மா." ஒரு மதியம் சாப்பாட்டுக்கு வந்து கண்ணயர்ந்தவர் எழவில்லை.

அந்தப் பூட்டையாவது வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்றுதான் மகள் போனாள்.

பம்பின் மூடி கழன்று கிடந்தது. துணிமேல் ஸ்பேனர்கள் அவர் வைத்தபடியே இருந்தன.

"அறுத்திருக்கலாமே, சார்?"

"அறுக்கலாம்மா. யாருக்கும் கை வரல."

அவள் சாவியை நுழைத்தாள். திருப்பவில்லை.

"பம்பு திறந்திருக்கு. வெறும் சுவிட்சா விடக் கூடாது. அடுத்து யாரு பூட்டு?"

சூப்பர்வைசர் சுற்றும்முற்றும் பார்த்தார். இருந்தது அவர் ஒருவர்தான்.

"நான் போட்டா நான்தானேம்மா நிக்கணும். அடுத்த மாசம் நானே ரிட்டயர் ஆகிக் கிளம்பறேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்களும் இன்ஜினியர்தானே. வந்ததுதான் வந்தீங்க..."

"உங்க பூட்டப் போடுங்க, சார். அப்பாவுக்கு வீட்டுக்குப் போகணும்."

அவர் ஸ்டோருக்குப் போய்ப் புதுப் பூட்டொன்றை உறை பிரித்துக்கொண்டு மெதுவாக வந்தார். அப்பாவின் பூட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டினார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, திறந்து கிடந்த பம்பையே பார்த்தபடி நின்றார்.

அதன் பிறகே அவள் அப்பாவின் பூட்டைத் திறந்தாள்.