தண்ணீர் எடுக்காத மெஷின்

திரைச்சீலை தைக்கும் பட்டறையில் அவளைக் கனாக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் துணி ஓடிக்கொண்டிருக்கும்; கண் ஜன்னலுக்கு வெளியே எங்கேயோ மேய்ந்துகொண்டிருக்கும். தையல் மட்டும் ஒருநாளும் கோணியதில்லை. அதனால் முதலாளியம்மாவும் கண்டும் காணாமல் விட்டிருந்தார்.

விடுமுறை நாளில் அவளுக்கு ஒரே பொழுதுபோக்கு. குளியலறையை ஒட்டிய நடையில் நிற்கும் வாஷிங் மெஷினின் முன்னால் முக்காலியைப் போட்டுக்கொண்டு, அதன் வட்டக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நீலச் சட்டை மேலே ஏறும், ஒரு கணம் தயங்கும், நுரைக்குள் விழும். மஞ்சள் துண்டு அதைத் துரத்திக்கொண்டு வரும். தான் பார்த்திராத கடல்களெல்லாம் அதற்குள் சுற்றிக்கொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றும்.

புருஷன் தொலைதூர லாரி ஓட்டுபவர். வீட்டில் இருப்பதைவிடச் சாலையில் இருப்பதுதான் அதிகம். அதனால் வீட்டில் அவளும் நாத்தனாரும் மட்டுமே. நாத்தனார் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு திரும்பி வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. எதைக் கேட்டாலும் "ம்" என்பாள். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள். கனாக்காரியும் தானாகப் பேச்சுக் கொடுக்கிற ரகம் இல்லை. இரண்டு பேர் இருந்தும் வீடு ஆளில்லாததுபோல் கிடந்தது.

ஒரு மதியம் மெஷினைப் போட்டாள். அது முனகியது. உள்ளே தண்ணீர் விழும் சத்தம் மட்டும் வரவில்லை. துணிகள் நனையாமல் கிடந்தன. சிறிது நேரத்தில் முனகலும் அடங்கி, சிவப்பு விளக்கு கண் சிமிட்டத் தொடங்கியது. புருஷனுக்குப் போன் செய்தாள்.

"பிளக்கு நல்லா சொருகியிருக்கா?"

"லைட்டு எரியுதுங்க."

"கதவு மூடியிருக்கா?"

"மூடியிருக்கு."

"குழாய் திறந்திருக்கா?"

"திறந்துதான் இருக்கு."

"அப்ப அதுக்கு என்னவோ ஆயிடுச்சு."

"அதைச் சொல்லத்தான் போன் பண்ணேன்" என்றாள் அவள்.

பின்பக்கம் பார்க்கவேண்டுமானால் மெஷினை நகர்த்தவேண்டும். ஒற்றை ஆளால் ஆகாது. நாத்தனாரின் கதவைத் தட்டினாள்.

"கொஞ்சம் ஒரு கை பிடிக்கிறியாம்மா?"

"ம்."

பிளக்கைப் பிடுங்கிவிட்டு இருவருமாக மெஷினை அசைத்து அசைத்து வெளியே இழுத்தார்கள். பின்னால் சுவருக்கும் மெஷினுக்கும் நடுவே சாம்பல் நிற பைப் ஒன்று வளைந்து தொங்கியது. எங்கேயும் மடங்கவில்லை, நசுங்கவும் இல்லை. மேலே இருந்த சின்ன ஜன்னல் வழியாக வந்த வெயில் தூசிப் படலத்தின்மேல் விழுந்து, அந்த இடுக்கே பொன்னிறமாக இருந்தது. கனாக்காரி அந்த வெளிச்சத்தைப் பார்த்தபடியே பைப்பின் மரையைக் கழற்றினாள். குழாயை மூடவேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை.

தண்ணீர் சீறிக்கொண்டு வந்து நாத்தனாரின் முகத்தில் அடித்தது. கனாக்காரி தட்டுத் தடுமாறிக் குழாயை மூடுவதற்குள் நாத்தனார் தலை முதல் கால்வரை தொப்பலாகியிருந்தாள்.

முகத்தை வழித்துவிட்டுக்கொண்டு அவள் சொன்னாள்: "தண்ணி நல்லாத்தான் வருது அண்ணி. மெஷினுக்குத்தான் பஞ்சம், எனக்கில்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கனாக்காரிக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. இருவரும் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

குழாயில் தண்ணீர் வருகிறது, மெஷினுக்குள் போகவில்லை என்றால் அடைப்பு வாசலிலேயே இருக்கவேண்டும். நாத்தனார் போன் வெளிச்சத்தைப் பிடிக்க, மெஷினில் பைப் மாட்டும் இடத்துக்குள் கனாக்காரி எட்டிப் பார்த்தாள். பொத்தான் அளவில் ஒரு சல்லடை. அதன் கண்ணெல்லாம் பழுப்பாக மூடிக்கிடந்தது.

"மொட்டைமாடித் தொட்டியக் கழுவினாங்களே, அந்த வண்டல்தான்" என்றாள் நாத்தனார்.

குறட்டால் மெதுவாகப் பிடித்து இழுத்ததும் சல்லடை கையோடு வந்தது. பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க மெல்லிய மணல் உள்ளங்கையில் உதிர்ந்தது. எந்த ஆற்றங்கரையில் கிடந்ததோ, எத்தனை குழாய்களுக்குள் நீந்தி வந்ததோ என்று கனாக்காரியின் மனம் அதன் பின்னாலேயே போயிற்று.

"அங்க நான் வாயத் திறந்தா டிவி சத்தத்தக் கூட்டிடுவாங்க" என்றாள் நாத்தனார் திடீரென்று. வெளிச்சம் அவள் கையில் அசையாமல் இருந்தது. "அப்புறம் பேசறதையே விட்டுட்டேன். இங்க வந்தும் அது போகல. உங்களுக்கு என்மேல கோவம்னு நெனச்சுக்கிட்டேன்."

"கோவமா? நீ வீட்ல இருக்கிறதே எனக்குச் சில நேரம் மறந்துபோயிடுது."

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் தான் சொன்னது கனாக்காரிக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நானும் அந்தக் கண்ணாடியப் பார்ப்பேன் அண்ணி. நீங்க வேலைக்குப் போனதும் முக்காலிய இழுத்துப் போட்டுக்குவேன்."

சல்லடையை மாட்டி, பைப்பை முடுக்கி, குழாயைத் திறந்து, ஒழுகுகிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பிளக்கைச் சொருகி மெஷினைப் போட்டார்கள். முனகல் கேட்டது. அடுத்த கணம் உள்ளே எங்கோ ஓர் அருவி இறங்கியது. கண்ணாடியின் அடியில் தண்ணீர் ஏறத் தொடங்கியது.

அந்த வருட மழைக்காலம் முடிவதற்குள் நாத்தனாரும் பட்டறைக்கு வரத் தொடங்கினாள். திரைகளுக்கு வளையம் அடிக்கிற வேலை. தைத்து முடித்த நீளத் திரையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடிப்பார்கள். சில நேரம் காற்றுப் புகுந்து துணி நடுவில் உப்பிவிடும். அது அமரட்டும் என்று இருவரும் அவசரமில்லாமல் நின்றுகொண்டிருப்பார்கள்.