அம்புக்குறி இல்லாத கோடுகள்

கல்லூரியில் நானும் அவளும் ஒரே பெஞ்சு. பி.எஸ்சி. கணிதம். கடைசி வருஷத்தில் கோட்டுருவியல் என்று ஒரு தாள் இருந்தது. புள்ளிகள், அவற்றை இணைக்கும் கோடுகள், அவ்வளவுதான் பாடம். அதில் வகுப்பிலேயே நான்தான் முதல். அவள் தட்டுத்தடுமாறித் தேறினாள். அதுவும் தேர்வுக்கு முன்னால் நான் கூடவே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததால்.

அதன்பிறகு நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் ஆனேன். அவள் தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் சேர்ந்து, சரக்கு இருப்பைக் கம்ப்யூட்டரில் பார்க்கிற வேலைக்கு வந்தாள். போன வருஷம் ஒருநாள் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கிராஃப் டேட்டா சயன்ஸ் என்று ஆரம்பநிலை வகுப்பு நடத்துகிறார்கள், நீ வந்தால் நானும் சேருகிறேன் என்றாள். நம் பழைய பாடம்தானாம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவளுக்கு மறுபடி நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும் என்ற நினைப்பும் அந்தச் சந்தோஷத்துக்குள் இருந்தது.

முதல் ஞாயிறு, சர்ச்சில் காலைப் பூசை முடிந்து நேரே வகுப்புக்குப் போனேன். நடத்தியவர் சென்னையிலிருந்து வரும் இளைஞர், எங்களைவிட வயதில் சிறியவர். சாதாரண அட்டவணை ஒவ்வொரு ஆளைப் பற்றியும் தனித்தனியாகச் சொல்லும், கிராஃப் ஆளுக்கும் ஆளுக்கும் நடுவில் இருப்பதைச் சொல்லும் என்று ஆரம்பித்தார். ஆள் ஒரு புள்ளி, பழக்கம் ஒரு கோடு. ஒரு புள்ளியில் எத்தனை கோடுகள் சேருகின்றன, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் குறுக்கு வழி எது, அந்த வழிகளில் அதிகமானவை போகிற முக்கியமான புள்ளி எது என்று போர்டில் வரைந்து கேட்டார். எல்லாவற்றுக்கும் நான்தான் பதில் சொன்னேன். அவள் குறிப்பெடுத்தாள்.

அடுத்த வாரம் லேப்டாப்பைத் திறக்கச் சொன்னார்கள். அதோடு என் ராஜ்ஜியம் முடிந்தது. நான் எழுத்தைத் தேடித்தேடித் தட்டுவதற்குள் அவள் திரையில் புள்ளிகள் கொத்துக்கொத்தாக விரிந்து நின்றன. பக்கத்து மேசைக்காரர்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவளிடம் வந்தார்கள். நடத்தியவர் எல்லாரையும் கூப்பிட்டு அவள் திரையைக் காட்டினார். அவள் என் பக்கம் திரும்பி, "நீ எங்கடி இருக்க, நான் பாக்கட்டா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. வேண்டாம், முடித்துவிட்டேன் என்று பொய் சொல்லி லேப்டாப்பை மூடினேன்.

அன்றிலிருந்து அவள் செய்வதெல்லாம் எனக்குக் குத்தியது. அவள் சிரிப்பு, அவள் புதுப் பை, டீ இடைவேளையில் அவளைச் சுற்றி நிற்கிற கூட்டம். வீட்டில் வந்து கணவரிடம், அவளுக்கு ஒரு தேற்றம்கூடச் சொல்லத் தெரியாது, வெறுமனே பட்டனைத் தட்டுகிறாள் என்று புலம்புவேன். அவர் செய்தியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவார்.

கடைசி வாரத்துக்கு ஆளுக்கொரு கிராஃப் செய்துவரச் சொன்னார்கள். நான் எங்கள் பள்ளியில் எந்த டீச்சர் வராவிட்டால் யார் அந்த வகுப்புக்குப் போகிறார்கள் என்பதை எடுத்துக்கொண்டேன். அவள் அண்ணனுக்குத் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் படகு இருக்கிறது. அவள் துறைமுகத்துக்கே போய், எந்தப் படகு மீன் எந்த வியாபாரிக்கு, அங்கிருந்து தெருவில் விற்கிற எந்த மீன்காரிக்கு, எந்த ஓட்டலுக்கு என்று விசாரித்துக்கொண்டு வந்துவிட்டாள். மீன் போகிற வழியில் முக்கியமான ஆள் யார் என்பது அவள் கேள்வி. கேட்டதுமே, இது எனக்குத் தோன்றவில்லையே என்று வயிறு எரிந்தது.

கடைசி வகுப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் கருவடிக்குப்பத்தில் அவள் வீட்டுக்குக் கூப்பிட்டுக் காட்டினாள். படம் அழகாகத்தான் இருந்தது. நட்டநடுவில், மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய புள்ளியாக, ஒரு ஓட்டல் இருந்தது. மீன் வியாபாரத்திலேயே முக்கியமான ஆள் அந்த ஓட்டல்காரர்தான் என்று கம்ப்யூட்டர் சொல்கிறதாம்.

எனக்கு உடனே பிடிபட்டது. அந்த ஓட்டல் நிறைய வியாபாரிகளிடம் வாங்குகிறது. கோடுகளுக்கு அம்புக்குறி இல்லாததால், ஒரு வியாபாரியிடமிருந்து ஓட்டலுக்குப் போய், அங்கிருந்து இன்னொரு வியாபாரிக்குப் போவதையும் ஒரு வழியாகக் கம்ப்யூட்டர் எண்ணி, ஓட்டலைப் பெரிதாக்கியிருக்கிறது.

நான் வாயைத் திறக்கவில்லை. அவள் அடுக்களைக்குப் போய் காபி போட்டாள். நாளைக்கு எல்லார் முன்னாலும் யாராவது இதைக் கேட்பார்கள், அவள் விழிப்பாள், நான் எழுந்து விளக்குவேன். அந்தக் காட்சி இனித்தது. காபி வந்தது. இரண்டு வாய் குடித்தேன். அதற்குமேல் முடியவில்லை.

"ஓட்டலுக்குள்ள போன மீனு திரும்பி வெளிய வருமாடி?"

அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். நான் திரையில் விரலை வைத்து வழியைக் காட்டினேன். அப்புறம் அவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். "அய்யய்யோ, திசையே போடலியே. நாளைக்கு மானம் போயிருக்கும்டி."

அங்கேயே உட்கார்ந்து கோடுகளுக்குத் திசை கொடுத்தோம். ஓட்டல் சுருங்கி ஓரத்துக்குப் போனது. ஏலத்தில் பல படகுகளிடம் எடுத்துத் தெரு மீன்காரிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற ஒரு பெண்மணி நடுவுக்கு வந்தார். அவள் என் தோளைக் கட்டிக்கொண்டாள். மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை.

மறுநாள் அவளுக்குத்தான் பெரிய கைதட்டல். தப்பைக் கண்டுபிடித்தது நான் என்று மேடையிலேயே சொன்னாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குப் பெருந்தன்மையும் இருக்கிறதே என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன். என் பள்ளிக்கூடக் கிராஃபுக்கு, நன்று என்று ஒரு வார்த்தை கிடைத்தது.

அடுத்த ஆரம்பநிலை வகுப்பை நடத்த அவளைக் கேட்டார்கள். அவள் என்னிடம் வந்து, "போர்டு பாடம் நீ எடு. எனக்கு அது வராது, உனக்கே தெரியும்" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டேன். அந்தச் சனிக்கிழமைக்குள் சரி என்று சொல்லிவிட்டேன்.

இப்போது ஞாயிறுதோறும் முதல் மணிநேரம் என்னுடையது, அடுத்தது அவளுடையது. அவள் லேப்டாப்பைத் திறந்ததும் கூட்டம் அந்தப் பக்கம் சாயும்போது இன்னும் எனக்கு முகம் சுருங்கும். போன வாரம் இடைவேளையில் நான்கைந்து பேர் அவளைத் தாண்டி என்னிடம் வந்து சந்தேகம் கேட்டார்கள். வண்டி எடுக்கும்போது அவள், "அதென்னடி, எல்லாம் உங்கிட்டயே வருதுங்க" என்றாள். குரலில் சிரிப்பு இல்லை. தெரியவில்லையே என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன். பாதி வழியில் நான் பாட்டு முணுமுணுப்பது எனக்கே கேட்டது.