பிரேக்காரர் வீட்டு நிக்காஹ்

லாரிகளுக்கு பிரேக் பார்ப்பவர் என்பதால் எங்கள் தெருவில் அவருக்குப் பிரேக்காரர் என்றே பெயர். அவருடைய மகள் உண்மையில் அவரோடு ஷெட்டில் வேலை பார்த்த கூட்டாளியின் மகள். கூட்டாளியும் அவன் மனைவியும் அடுத்தடுத்துப் போய்ச் சேர, கைக்குழந்தையை இவர் தூக்கி வந்தார். தன் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த இவர் மனைவி, அதையும் இன்னொரு பக்கம் அணைத்துக்கொண்டாள். அதனால் மார்க்கப்படி இவர் பால்குடித் தகப்பன். ஆனால் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது கூட்டாளியின் பெயரைத்தான் தகப்பன் பெயராகச் சொன்னார். "புள்ளையை வளக்கலாம், வம்சத்தை மாத்தக் கூடாது" என்பார்.

கல்யாணம் கூடி வந்ததும் சிக்கல் வந்தது. நிக்காஹ்வில் பெண்ணைக் கொடுக்கும் உரிமை, பெற்ற தகப்பன் வழி ஆண்களுக்குத்தான். வளர்த்தவருக்கோ பால்குடித் தகப்பனுக்கோ இல்லை. பெண்ணின் பெரியத்தா, அதாவது கூட்டாளியின் அண்ணன், உயிரோடுதான் இருந்தார். ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

"அந்த மனுஷனைப் போய்க் கூப்பிடணுமா? பேசாம நீங்களே நில்லுங்க. யாரு கேக்கப் போறா?" என்றாள் மனைவி.

"எனக்கு மட்டும் ஆசையில்லையா? ஆனா நட்டு முடுக்காம வண்டியை அனுப்பச் சொல்றியே."

போய் அழைத்துவிட்டு வந்தார். அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

மண்டபத்தில் பெண்ணிடம் சம்மதம் கேட்டு வந்த காஜி, "பொண்ணுக்குப் பொறுப்பாளர் யாரு?" என்றார். பெரியத்தா எழுந்தார். பிரேக்காரர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"உரிமை என்னுதுதான்" என்றார் பெரியத்தா. "ஆனா இந்தப் புள்ளை மூஞ்சியை இன்னைக்குத்தான் பாக்குறேன். என் சார்பா அவரே நிக்கட்டும்."

"மனசார அவரை உங்க சார்பா நிக்கிற வக்கீலா வைக்கிறீங்களா?" என்று கேட்டார் காஜி.

"மனசார."

நகக்கண்ணில் கிரீஸ் போகாத கையால் பிரேக்காரர் மாப்பிள்ளையின் கையைப் பற்றினார். வாய் தவறி 'என் மகளை' என்று சொல்லிவிடுவாரோ என்று திரைக்குப் பின்னால் மனைவிக்குப் பதைப்பு. அவர் தவறவில்லை. கூட்டாளியின் பெயரைக் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொல்லி, அவன் மகளை, அவன் அண்ணனின் சார்பில் மணமுடித்துக் கொடுத்தார். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டான்.

"இனி கையை விடலாம் மாமா" என்றான் மெதுவாக. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

உள்ளே போனவரிடம் மகள் சொன்னாள்: "அத்தா, என்னைப் பெத்த அத்தா பேரு தெருவுக்கே கேட்டிருக்கும்."

"பின்னே? ஷெட்டுல அவனைக் கூப்பிட்டுப் பழகின தொண்டை" என்றார் அவர்.