அண்ணியின் சீனாவும் என் சிவப்புப் பேனாவும்

அண்ணி எழுதிக் கொடுத்த கொப்பியின் ஏழாம் பக்கத்தில் நான் போட்ட சிவப்புக் கோடு இன்னும் மங்கவில்லை. ‘நெற்றி’ என்ற சொல்லை அடித்து, அதன் மேல் ‘தோள்’ என்று எழுதியிருக்கிறேன். கீழே பத்து வரிகளைக் குறுக்காக வெட்டித் தள்ளியிருக்கிறேன். இலங்கை மலையகத்தில், ஹட்டனில் எனக்கு வாத்தியார் வேலை. மிச்ச நேரத்தில் நண்பர்களோடு சேர்ந்து ஒரு மாத இதழ் நடத்துகிறேன். பிழை பார்த்துப் பார்த்து, மனிதர்களிடமும் பிழை தேடும் புத்தி எப்படியோ ஒட்டிக்கொண்டது. பஸ் சரியான நேரத்துக்கு வந்தால்கூட, இது நேற்றைய பஸ்ஸாக இருக்குமோ என்று நினைக்கிறவன் நான்.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. வட்டகொடைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு தொண்டு நிறுவனம், சீனாவின் தேயிலை மலைகளைப் பார்த்து வர எட்டுப் பேரைப் பத்து நாட்களுக்குக் கூட்டிக்கொண்டு போனது. ஏழு பேர் அலுவலகத்துக்காரர்கள். கொழுந்து பறிக்கிறவர் அண்ணி ஒருவர்தான். இத்தனை பேர் இருக்க இவரை ஏன் தெரிந்தெடுத்தார்கள் என்று தோட்டமே கேட்டது. நானும் கேட்டேன். வகுப்பில் சீனாவின் நதிகளையும் அரச வம்சங்களையும் ஒப்பிக்க வைக்கிறவன் நான். விமானம் ஏறியது அவர். அது பொறாமை என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன்.

திரும்பி வந்தவரிடம் ஒரே ஒரு படம்தான் இருந்தது. ஹோட்டல் வாசலில் எட்டுப் பேரும் வரிசையாக நிற்கிற படம். அவருடையது பட்டன் போன். மற்றதெல்லாம் அடுத்தவர்கள் போனில் இருக்கிறது என்றார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்த பெண்கள் ஒரு வாரம் அவரைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்டார்கள். தேயிலை அங்கே பலா மரம் போல வளர்ந்து நிற்கும், பெண்கள் ஏறித்தான் பறிப்பார்கள் என்று அவர் சொன்னபோது, “கேப்பையில நெய் வடியுதாம்” என்று ஒருத்தி சிரித்தாளாம். ஒரு வாரத்தில் கெட்டுப்போகிற பொருளை எங்கள் பக்கம் ‘சைனா சாமான்’ என்பார்கள். அண்ணியின் கதைகளுக்கும் அந்தப் பெயர் வந்து சேர்ந்தது.

அவரை எழுதச் சொன்னது நான்தான். இதழுக்குப் பயணக் கட்டுரை வேண்டும் என்றேன். உள்ளே வேறு கணக்கும் இருந்தது. பேச்சு நழுவிவிடும், எழுத்து பிடித்துக் கொடுத்துவிடும். அண்ணி முதல் கட்டுரையில் அந்த மரங்களைப் பற்றி எழுதினார். முதல் கொழுந்து எடுக்குமுன் மூத்த மரத்துக்குப் படையல் வைக்கிறார்களாம். “நாம் வெட்டி வெட்டிக் குட்டையாக்கி வைத்திருக்கும் செடிக்கு அங்கே தாத்தா பாட்டி இருக்கிறார்கள்” என்று எழுதியிருந்தார். இரண்டாவது கட்டுரை, தேயிலையை வட்டு வட்டாக அழுத்திக் கோவேறு கழுதைகளில் ஏற்றிப் போன பழைய பாதையைப் பற்றியது. குளம்பு பட்டுப் பட்டுக் கல்லே குழிந்திருந்தது, அந்தக் குழியில் என் காலை வைத்துப் பார்த்தேன் என்று எழுதினார். நான் ஒவ்வொன்றையும் இணையத்தில் தேடினேன். ஒவ்வொன்றும் உண்மையாகவே இருந்தது. சந்தோஷப்பட வேண்டியவன், ஏமாந்து போனேன்.

எங்கள் மலைகளுக்குத் தேயிலை வெள்ளைக்காரன் கப்பலில் வந்தது. எங்கள் ஆட்களும் அப்படித்தான் வந்தார்கள். அதற்கு முன்னால் அந்தச் செடிக்கு ஒரு கதை உண்டு, சாமி உண்டு, ஊர் உண்டு என்று நாங்கள் நினைத்ததே இல்லை. நான் பாடப்புத்தகத்தில் காணாததை அண்ணி காலால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மூன்றாவது கட்டுரையில் அவர் என்னிடம் சிக்கினார். ஒரு மலைக்கிராமத்தில் பெண்கள், எங்கள் தோட்டத்தில் போலவே, கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டிச் சுமந்தார்கள் என்று எழுதியிருந்தார். அவர்களில் ஒருத்தி, அண்ணியின் வயதுக்காரி, வந்து அண்ணியின் தலைத்துண்டை விலக்கினாளாம். கயிறு பட்டு மயிர் தேய்ந்த தடத்தை விரலால் தடவிப் பார்த்துச் சிரித்தாளாம். பிறகு தன் தலையைக் குனிந்து தன் தடத்தைக் காட்டினாளாம். “எனக்கு அவள் பாஷை தெரியாது. ஒரே மலையில் வேலைக்குப் பேர் பதிந்தவர்கள் போல இருவரும் நின்றோம்” என்று முடித்திருந்தார்.

இணையத்தில் பார்த்த படங்களில் சீனப் பெண்கள் கூடையை இடுப்பில் கட்டியிருந்தார்கள், அல்லது தோளில் மாட்டியிருந்தார்கள். இருபது படம் பார்த்தேன். அது போதும் என்று நினைத்தேன். அண்ணி பஸ்ஸில் தூங்கிவிட்டு, நம் தோட்டத்தைக் கொண்டுபோய்ச் சீனாவில் ஒட்டிவிட்டார் என்று முடிவு செய்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் மனம் நோகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நெற்றியைத் தோளாக்கினேன். அந்தப் பெண்ணை, சினிமா மாதிரி இருக்கிறது என்று வெட்டினேன்.

இதழ் வெளிவந்ததும், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒரு பெண் அதைச் சத்தமாக வாசித்திருக்கிறாள். நெற்றிக் கயிற்றின் கதையை எல்லாரும் அண்ணி வாயாலேயே கேட்டவர்கள்.

“அன்னைக்கு நெத்தின்னு சொன்ன, புஸ்தகத்துல தோளுன்னு போட்டிருக்கே. எதுடி புளுகு?” என்று கேட்டார்களாம். அண்ணி கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார் என்று அண்ணன் வந்து சொன்னார். அன்று சாயங்காலமே போனேன்.

“நான்தான் மாத்துனேன்னு சொல்லியிருக்கலாமே, அண்ணி.”

“சொன்னா, படிச்ச நீங்களே என்னைய நம்பலன்னு ஊருக்குத் தெரிஞ்சிருமே, தம்பி.”

அப்போதும் நான் சொன்னது என்ன தெரியுமா? “இல்லை அண்ணி, நெட்ல அப்படித்தான் இருக்கு.” அவர் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். நாலாவது கட்டுரை வரவில்லை. கேட்டபோதெல்லாம் நேரமில்லை என்றார். சீனாவைப் பற்றி அதன் பிறகு அவர் எங்கேயும் வாய் திறக்கவில்லை. பிடிபட்டவர்கள் அப்படித்தான் அடங்குவார்கள் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

போன மாதம் ஹட்டனில் ஒரு கூட்டத்தில், அந்தக் குழுவைச் சீனாவுக்கு அழைத்துப் போன அம்மையாரைச் சந்தித்தேன். பழைய போனில் கிடந்த படங்களை எனக்கு அனுப்பினார். அதில் ஒன்றில் பெண்கள் ஆறேழு பேர் நெற்றியில் கயிறோடு நிற்கிறார்கள். நடுவில் அண்ணி, யாருடைய கூடையையோ வாங்கித் தன் நெற்றியில் மாட்டிக்கொண்டு சிரிக்கிறார். பக்கத்தில் ஒருத்தி அவர் தலையைத் தொட்டுக்கொண்டிருக்கிறாள். நான் இருபது படம் பார்த்தேன். அண்ணி அந்த மலையைப் பார்த்தார்.

மறுநாளே போனைக் கொண்டுபோய்க் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். “இவங்கதான் தம்பி” என்று அந்தப் பெண்ணைத் தொட்டுக் காட்டினார். நான் கெட்டிக்காரத்தனமாக, அடுத்த இதழில் இதை முழுப்பக்கம் போட்டுவிடுகிறேன், அப்போது எல்லாரும் நம்பிவிடுவார்கள் என்றேன்.

“போட்டோவ நம்புவாங்க தம்பி” என்றார். “என்னைய இல்லியே.”

எனவே இந்த இதழில் ஒரு திருத்தம். கயிறு நெற்றியில்தான் இருந்தது. அந்தப் பெண் அண்ணியின் தலையைத் தொட்டுச் சிரித்தாள். அண்ணி அப்படித்தான் எழுதியிருந்தார். படம் என்னிடம் இருக்கிறது, இங்கே போடவில்லை.