முதலாளிக்கு நான் போட்ட ரூட்

நாலாக மடித்த அந்தத் தாள் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. கம்பெனி லெட்டர்பேடுதான். மேலே ‘ரூட்’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். வத்தலக்குண்டில் கிளம்பி, அய்யம்பாளையம் வழியாக மலையேறி, பெரும்பாறை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கமாகச் சுற்றி, கொடைக்கானல் சாலையில் இறங்கி மறுபடி வத்தலக்குண்டு. எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்கலாம், எங்கே நிற்கவே கூடாது, எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது. சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் முப்பது சீசனுக்கு மேல் லோடு அனுப்பும் பிரிவைப் பார்த்தவன் நான். லாரிகளுக்கு ரூட் எழுதி எழுதியே கை தேய்ந்துவிட்டது. சைக்கிளுக்கு எழுதியது இது ஒன்றுதான், அதையும் உருப்படியாகச் செய்யவில்லை.

சைக்கிள் முதலாளியுடையது. என்னைவிட இரண்டு வயது இளையவர், அதனால் ஆபீசில் எல்லோர் முன்னாலும் என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நடப்பது இவருக்கு ஆகாது. விரல் தடிமனில் டயர் வைத்த ரேஸ் சைக்கிள் ஒன்றை வாங்கிவிட்டார். ஆயுசு பூராவும் வெள்ளை வேட்டியில் பார்த்த மனிதரை இறுக்கிப் பிடித்த கால்சட்டையும் ஹெல்மெட்டுமாகப் பார்த்தபோது எங்கள் ஆபீசில் ஆளாளுக்குக் குனிந்து பில் தேட ஆரம்பித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. விடிந்ததும் வெம்பக்கோட்டை அணை வரைக்கும் மிதித்துவிட்டு வந்து, குளித்து, வேட்டி கட்டி, ஒன்றும் நடக்காதது போல ஆர்டர் பார்க்க உட்காருவார்.

அப்புறம் முழங்கால் வீங்கத் தொடங்கியது. ஆபரேஷன் செய்ய வேண்டும், அதற்குப் பிறகு மேட்டில் மிதிக்கிற பேச்சே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டியிருக்கும் மாதத்தில் ஆபரேஷன். அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை மலைக்குப் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. சீசன் உச்சத்தில், நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு டிரைவரிடம் கத்திக்கொண்டிருந்தபோது, என் மேஜைக்கே வந்து உட்கார்ந்தார்.

“நம்ம லோடுக்கு ரூட் போடுவீகள்ல அண்ணாச்சி, அதே மாதிரி எனக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க. மலை மேல ஊரு ஊரா நிக்கணும். சும்மா ஒரு டீயக் குடிச்சுட்டு, நாலு பேர்ட்ட பேசிட்டு, அடுத்த ஊருக்குப் போகணும். அம்புட்டுத்தான்.”

அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. பட்டாசுத் தொழிலில் பிறந்தவனுக்கு ஊர் என்றாலே தள்ளி நிற்க வேண்டிய இடம். கம்பெனி ஊருக்கு வெளியே, ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் இடைவெளி, குடோனைச் சுற்றிப் பொட்டல். வீட்டு வாசலை உரசிக்கொண்டு போகிற தெருவில் சும்மா நிற்பது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் என்ன செய்தேன்? மலைப்பக்கம் லாரி ஓட்டுகிற இரண்டு பேரிடம் போனில் விசாரித்தேன். எந்த வளைவு மோசம், எங்கே மண் சரியும், எங்கே தோட்டத்துக்காரர்கள் போட்ட சாலை ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறது என்று குறித்துக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே மறு கையால் எழுதினேன். எழுதி முடித்தபோது நல்ல ரூட் என்று திருப்திகூடப் பட்டேன். அசதியில் இருந்தேன் என்று சொல்லலாம். ஆனால் அசதியில்தானே மனுசன் பழகின வேலையைப் பழகினபடி செய்கிறான்.

மழை விட்ட ஒரு நாளில் போனோம். அவர் முன்னால் சைக்கிளில், நான் பின்னால் வேனில் தண்ணீரும் வாழைப்பழமுமாக. ஏற்றத்தில் அவர் முதுகு மேலும் கீழும் போய்வந்ததைப் பார்த்தபோது எனக்கே மூச்சு முட்டியது. தாளைப் பார்த்துப் பார்த்துத் திரும்பினார். காப்பித் தோட்டம், மிளகுக் கொடி, பாறை, மறுபடி காப்பித் தோட்டம். மத்தியானம் வரைக்கும் ஒரு தெரு வரவில்லை, ஒரு கடை வரவில்லை. தாண்டிக்குடிக்கு மேலே ஒரு வளைவில் நின்றுவிட்டார். கீழே ஊர் தெரிந்தது. ஓட்டுக் கூரைகள், அவற்றின் மேல் புகை, ஏதோ ஒரு வீட்டில் ரேடியோ. என் தாளில் எழுதியிருந்த சாலை அதையும் சுற்றிக்கொண்டு போனது.

“அங்கனதான போகணும்னு சொன்னேன்,” என்றார்.

என் வாயிலிருந்து தானாக வந்தது: “அடுப்பு எரியுற இடம் மொதலாளி.”

சிரித்தார். “சைக்கிள்ல என்ன லோடு இருக்கு அண்ணாச்சி, வெடிக்கிறதுக்கு?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைத்தெரு, பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், டீக்கடை என்று லோடு வண்டி நிற்கக் கூடாத இடங்களையெல்லாம் ஒன்று விடாமல் விலக்கி, ஊரே இல்லாத மலையை அவருக்குக் கொடுத்திருக்கிறேன். அவமானத்தில் காது சுட்டது. இறங்கினால் திரும்ப ஏற வேண்டும், அதற்கு அவர் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. வேனில் ஊருக்குள் போய் வரலாம் என்றேன். வேனில் போவதென்றால் எந்த ஊருக்கும் போவேனே என்று சொல்லிவிட்டு, சைக்கிளைத் தானே தூக்கி வேனில் வைத்தார். நேராக வத்தலக்குண்டுக்கு இறங்கிவிட்டோம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சைக்கிளை யாரோ சொந்தக்காரப் பையனுக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த சீசனோடு நானும் வேலையிலிருந்து நின்றேன். மல்லாங்கிணறு பக்கம் எங்கள் ஊரில் கொஞ்சம் நிலம் இருக்கிறது, மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மாதத்துக்கு ஒரு தடவை போய் முதலாளியைப் பார்ப்பேன். ஒரு தடவை, கைத்தடி ஊன்றி நடந்துகொண்டே, நீங்களாவது ஒரு நடை தாண்டிக்குடிக்குப் போய், கடையில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள் என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த மாதமும் அதையே கேட்டார்.

போன வாரம் வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் தாண்டிக்குடிக்குப் போனேன். திரும்பி வந்த மறுநாளே முதலாளி வீட்டுக்குப் போனேன். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் சொன்னேன். தெரு அகலம் கம்மி, இரண்டு வண்டி எதிரெதிரே போக முடியாது. ரோட்டோரம் தார்ப்பாயில் காப்பிக்கொட்டை காயப் போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் ரோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. டீக்கடையில் விறகு அடுப்பு, வாசலிலேயே.

“அதெல்லாம் சரி. டீ எப்படி இருந்துச்சு?”

வீட்டம்மா பெஞ்சில் உட்கார்ந்து, கடைக்காரம்மாவிடம் மிளகு விலை விசாரித்துக்கொண்டு, ஆற அமரக் குடித்தாள். நான் பேப்பர் கப்பில் வாங்கிக்கொண்டு நடந்திருக்கிறேன். ஏன் நடந்தேன் என்று நினைத்துப் பார்க்கவே இல்லை. கடைசி வீட்டைத் தாண்டி, ஊர் எல்லைப் பலகைக்கு அந்தப் பக்கம் போய் நின்று குடித்தேன். அவள் பின்னாலிருந்து கூப்பிட்டது காதில் விழுந்த பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்றே தெரிந்தது. குடித்தது சூடா, ஆறியதா, சர்க்கரை இருந்ததா, ஒன்றும் நினைவில்லை. அதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

முதலாளி தன் முழங்காலைத் தடவினார்.

“நாந்தான் உங்கள இப்படி ஆக்கி வச்சிருக்கேன் அண்ணாச்சி.”

சேச்சே, அப்படியெல்லாம் இல்லை மொதலாளி என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் தன்னை நொந்துகொண்ட ஒவ்வொரு தடவையும் அதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். அன்றைக்கு அதைச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

“ஆமா மொதலாளி,” என்றேன்.