ஆறு பெயர்களும் ஓர் இத்தாலியப் பத்திரிகையும்

எனக்கு இத்தாலிய மொழியில் இன்றைக்கும் பத்துச் சொல்லுக்கு மேல் தெரியாது. ஆனாலும் அந்த நாட்டு இடதுசாரிப் பத்திரிகை ஒன்றின் கதையை யார் கேட்டாலும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். லண்டனில் நான் படித்த படிப்பு அது ஒன்றுதான்.

எண்பதுகளின் கடைசியில் சோஹோவில் வெளிநாட்டுப் பத்திரிகைகள் விற்கும் கடையொன்றில் வேலை செய்தேன். முதலாளி கென்யாவிலிருந்து வந்த குஜராத்திக்காரர். பத்திரிகைகள் ஒரு நாள் பிந்தி வரும். கட்டவிழ்த்து நாடு நாடாக அடுக்குவது என் பொறுப்பு. மனோர் பார்க்கில் அறக்கப்பறக்க ரெயின் ஏறி எட்டு மணிக்குக் கடையில் நிற்பேன். இத்தாலிப் பக்கத்தில் கொழுத்த பத்திரிகைகளுக்கு நடுவே ஒன்று மெலிந்து கிடக்கும். படம் குறைவு, எழுத்து நிறைய. இரண்டே பிரதிகள்தான் வரும். அதில் ஒன்றை வாங்க ஒருத்தி தவறாமல் வருவாள்.

பள்ளிக்கூடமொன்றில் சமையல் வேலை செய்த இத்தாலியக்காரி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அவளை ‘அவள்’ என்றுதான் எழுதுவேன். சிநேகிதியை வேறு எப்படி எழுதுவதாம்? முதல் நாளே என் பெயரைக் கேட்டாள். நாக்குப் புரளாவிட்டாலும் மூன்று தரம் சொல்லிப் பழகினாள். அதன் பிறகு கடைக்குள் வரும்போதே பெயரைச் சொல்லிக்கொண்டு வருவாள். பின்னேரம் மூன்று மணிக்குக் கடை காற்று வாங்கும். அப்போது பத்திரிகையை மேசையில் விரித்து, என்னுடையதைப் போன்ற அரைகுறை ஆங்கிலத்தில் எனக்குச் சொல்லுவாள்.

அதைத் தொடங்கியவர்கள் எல்லாரும் இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்கள். ரஷ்ய யுத்தத் தாங்கிகள் பிராக் நகருக்குள் போனபோது, கட்சி அதைக் கண்டித்தது போதாது என்று சொந்தக் கட்சியையே கேள்வி கேட்டு எழுதினார்கள். கட்சி அவர்களை வெளியே தள்ளிவிட்டது. ஆனாலும் தலைப்புக்குக் கீழே ‘கம்யூனிஸ்ட் நாளிதழ்’ என்ற சொல்லை அவர்கள் விடவில்லை. “வீட்டை விட்டுத் துரத்தினால் குடும்பப் பெயரையும் விட்டுவிட்டா போவது?” என்று கேட்டாள். அந்தப் பத்திரிகைக்கு முதலாளி கிடையாது. வேலை செய்கிறவர்களுக்கே சொந்தம். கட்டுரை எழுதுகிறவருக்கும் வாசலில் நிற்கிறவருக்கும் ஒரே சம்பளம். எதையும் கூடிப் பேசித்தான் முடிவு செய்வார்கள், பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போகும். தலைப்புகளில் மட்டும் குறும்பு. ஒரு தலைப்பை எனக்கு விளக்கி முடிப்பதற்குள் அவளே சிரித்து இருமத் தொடங்கிவிடுவாள். அடிக்கடி முதற்பக்கத்திலேயே ‘கைகொடுங்கள், இல்லாவிட்டால் மூடிவிடுவோம்’ என்று வாசகரைக் கேட்பார்கள். வாசகரும் கைகொடுப்பார்கள். பிறகு அந்தப் பெரிய கட்சியே தன் பெயரிலிருந்து ‘கம்யூனிஸ்ட்’ என்ற சொல்லைக் கழற்றிப் போட்டது. இவர்கள் வைத்திருந்தார்கள்.

இதையெல்லாம் நான் வீட்டில் போய்ச் சொன்னதுதான் வினை. அந்த நாட்களில் எங்கள் முன்னறையில் ஒவ்வொரு ஞாயிறும் ஆறு ஆண்கள் கூடுவார்கள். என் கணவரும் அவருடைய ஐந்து நண்பர்களும். ஊரில் ஆளுக்கொரு ஆயுத இயக்கத்தில் இருந்து, ஆளுக்கொரு காரணத்தால் வெளியே வந்தவர்கள். எந்த இயக்கத்தையும் சாராத தமிழ் மாதப் பத்திரிகை ஒன்றைத் தொடங்குவதற்காகத் தொண்டை கிழியக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். யார் ஆசிரியர் என்பதிலேயே மூன்று மாதம் போய்விட்டது. நான் தேத்தண்ணித் தட்டோடு நின்று இத்தாலியக் கதையைச் சொன்னேன்.

“அக்கா சொல்லுறதுதான் சரி!” என்று ஒருவர் துள்ளினார். “ஆசிரியரே வேண்டாம். எல்லாரும் சமம்.”

அந்த இத்தாலியப் பத்திரிகையைத் தொடங்கியவர்களில் பெண்களும் இருந்தார்கள், தலையங்கமே எழுதினார்கள் என்று சொன்னேன். “ஓமோம்” என்றார்கள். அன்றைக்கே தீர்மானம் ஆயிற்று. எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் அச்சேறும். புனைபெயருக்குள் ஒளிக்காமல் சொந்தப் பெயரில் நிற்பது. அந்த நாளில் அது துணிச்சல்தான், மறுக்கமாட்டேன். கடைசிப் பக்கத்தில் ‘இந்த இதழை ஆக்கியோர்’ என்று பெயர்கள் வரும், அகர வரிசையில், ஒரே அளவு எழுத்தில்.

எங்களிடம் தமிழ்த் தட்டச்சு இல்லை. என் கையெழுத்து உருண்டையாக இருக்கும். ஆகவே இருபத்துநான்கு பக்கமும் நானே கறுப்பு மையால் எழுதினேன். அதை இல்ஃபோர்டில் பிரதி எடுத்துப் பாரிசுக்கும் டொரொண்டோவுக்கும் அனுப்பினோம். அவர்கள் எழுதித் தந்ததில் இருந்த பிழைகளை வாயைத் திறக்காமல் திருத்தியதும் நான்தான்.

பதினோராவது இதழை அவளிடம் காட்டக் கடைக்குக் கொண்டுபோனேன். எனக்குக் கொஞ்சம் பெருமைதான். பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

“முழுக்க உன் கையா?”

“முழுக்க.”

கடைசிப் பக்கத்தில் நின்றாள். அந்தப் பட்டியல் என்னவென்று கேட்டாள். விளக்கினேன். விரலால் ஒவ்வொரு வரியாக எண்ணிவிட்டு, “இதில் உன் பெயர் எது?” என்றாள்.

குனிந்து தேடினேன். சத்தியமாகத் தேடினேன். கடவுளே, பதினொரு தரம் அந்தப் பட்டியலை என் கையாலேயே எழுதியிருக்கிறேன்! ஒரு தரமாவது எனக்கு உறைத்ததா? அவள் சிரிக்கவில்லை. “எங்கள் பத்திரிகையில் பெண்கள் தேநீர் மட்டும் ஊற்றியிருந்தால் நான் அதை வாங்கியிருக்கமாட்டேன்” என்று சொல்லிவிட்டு, தன் பிரதியை மடித்துக்கொண்டு போனாள். ரெயினில் வரும்போது எனக்கு வந்த கோபத்தில் முதற்பங்கு என்மேல்தான். ஊருக்கெல்லாம் சமத்துவம் எழுதிக் கொடுத்த விசரி!

அடுத்த இதழில் ஏழு பெயர் எழுதினேன். அகர வரிசைப்படி என் பெயர் மூன்றாவதாக வந்தது. அச்சுக்குப் போகுமுன் கணவரிடம் பார்க்கக் கொடுத்தேன். தன் கட்டுரையை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

இதழ் பிரதியாகி வந்த ஞாயிறு கூட்டத்தில் ஒருவர் கடைசிப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

“இதென்ன, ஏழு பேர் நிக்குது? ஆர் இந்தப் பொம்பிளை?”

“கூட்டத்திலை முடிவெடுக்காமல் ஆர் உள்ளுக்கை எடுத்தது?”

“பாரிஸ் ஆக்கள் ஆரையும் சேர்க்கச் சொன்னவையோ தெரியாது.”

நான் தட்டோடு நடு அறையில் நிற்கிறேன். ஒரு வருடமாக என் கையால் தேத்தண்ணி குடித்த ஐந்து பேருக்கும் என் பெயர் தெரியாது. அக்கா, அக்கா என்றே காலம் போய்விட்டது. சரி, அவர்களை விடுவோம். என் கணவருக்குத் தெரியும். கவுன்சில் படிவத்தில், டொக்டர் படிவத்தில் எல்லாம் அந்தப் பெயரை எழுதியவர் அவர். நான் அவரைப் பார்த்தேன். அவர் கோப்பையைப் பார்த்தார்.

“அச்சுப்பிழையாய் இருக்கும்” என்றார்.

“கையாலை எழுதின பத்திரிகையிலை அச்சுப்பிழை எங்காலை வரும்?” என்று கேட்டேன். “அது என்ரை பேர்.”

 பிறகு ஒருவர் மெல்லமாக, “அக்கா, நீங்கள் எங்கடை வீட்டு ஆள்தானே, உங்களை வேறையாய் நினைச்சால்தானே பேர் போடுறதுக்கு” என்றார். இன்னொருவர், கொள்கைப் பிரச்சினை, அடுத்த கூட்டத்தில் கதைப்போம் என்றார்.

“வடிவாய்க் கதையுங்கோ” என்றேன். “ஆறு பேரும் சமம்தானே. ஆளுக்கு நாலு பக்கம் வரும். இனி நீங்களே எழுதுங்கோ.”

அடுத்த இதழ் ஆறு கையெழுத்தில் வந்தது. ஒன்று கோழி கிளறியதுபோல. இன்னொன்றில் வரிகள் எல்லாம் மலையிறங்கின. அதைக் குசினிக்குள் கொண்டுபோய் வாசித்துத் தனியே சிரித்தேன். பிறகு அழுதேன், அதையும் சொல்லத்தான் வேண்டும். சண்டையில்லை. அவரும் நானும் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டோம், அதுதான் கொடுமை. சோஹோவில் அவளிடம் சொன்னபோது, “பொறு. வாசகர்கள் இருக்கிறார்கள்” என்றாள். பத்திரிகை மூடப்போகிறது என்று எத்தனை தரம் கேட்டுப் பழகியவள்! எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

மூன்றாவது வாரம், சனிக்கிழமை காலை, தபால்காரர் போட்ட கடிதங்களை என் கணவர் கதவடியில் நின்று பிரித்தார். நான் குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கடிதம் பிரிபட்டது, பிறகு இன்னொன்று.  அவர் வந்து குசினி வாசலில் நின்று, பாரிசிலிருந்து வந்ததை உரத்து வாசித்தார். ‘இதுவரை உங்கள் பத்திரிகையை எழுதிவந்த கை எங்கே? அவருக்குச் சுகமில்லையா? அந்த எழுத்து இல்லாமல் முதற்பக்கத்துக்கு மேல் வாசிக்க மனம் வரவில்லை.’ டொரொண்டோக் கடிதமும் அதையே கேட்டிருந்தது.

நான் திரும்பவில்லை. வழக்கமாக அவர் ‘இஞ்சேரும்’ என்பார். கல்யாணம் கட்டி ஒன்பது வருடமாக அதுதான் நான்.

அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. இன்னொருக்கால் கூப்பிடட்டும் என்று லீக்சை வெட்டிக்கொண்டே நின்றேன்.